மூத்தோர்க்குச் சிறார் செய்யும் கையுறை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

சங்கத்தின் சிறுவர் தமிழ் வகுப்பை நடத்திவரும் எங்களை நோக்கி, "இவ்வாண்டு நீங்களும் சிறிது நேரம் பேசவேண்டும்" என்று செயலாளர் பணித்தபொழுது, எதைப் பற்றிப் பேசுவது என்று திகைத்தோம். காப்பியம் பற்றிப் பேசப் புலவர் இருக்கின்றார். நாட்டு நிலை பற்றிப் பேசத் தலைவர் இருக்கின்றார். எங்களுக்குத் தெரிந்தவையோ பசையும், கத்தரிக்கோலும், பழந்துணியும், ஐந்து வயதுப் பிள்ளைகளின் அழுக்குப் படிந்த கைகளுமே. ஆகவே அவற்றைப் பற்றியே பேசுவதென்று ஒருப்பட்டோம். பாட்டன் பாட்டியர்க்குப் பெயரன் பெயர்த்தியர் தம் கையாலேயே வீட்டில் செய்து தரும் பரிசுகள். இதுவே எங்கள் பொருள். பொருள் மிகச் சிறிது என்று சிலர்க்குத் தோன்றலாம். அவ்வாறு தோன்றுவோர் எங்களோடு கால் மணி நேரம் பொறுத்திருக்க வேண்டுகிறோம்.

இன்று கையுறை என்று சொன்னால், மருத்துவமனையில் செவிலியர் கையில் மாட்டிக்கொள்ளும் உறையைத்தான் பிள்ளைகள் நினைக்கின்றனர். பழந்தமிழில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. ஒருவரைக் காணச் செல்லும்போது கையில் கொண்டு செல்லும் பரிசே கையுறை. அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்குக் கொண்டு செல்லும் தழையும் பூவும் கையுறை எனப்பட்டன. கடையில் விலைக்கு வாங்கியவை அல்ல அவை. காட்டிலே பறித்துக் கையாலே தொடுத்தவை. வெறுங்கையோடு பெரியவர்களைப் பார்க்கப் போகலாகாது என்று நம் வீட்டு மூதாட்டியர் இன்றும் சொல்கிறார்களே, அதன் வேர் மிகப் பழையது.

ஆனால் நம்முடைய நிலைமை என்ன? நாம் வாழ்வது தீவுகளில். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாக உடையவர். நம்மில் பலர்க்கு வேர் இராமநாதபுரம், முதுகுளத்தூர், பரமக்குடி, திருநெல்வேலிப் பக்கங்களில் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்திற்கும், நாம் நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று அழைத்து, 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் இந்நகர்க்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. கப்பலில் மூன்று நாளளவு ஆகும். வானூர்தியில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல் என்றாலும், நான்கு பேர் கொண்ட குடும்பம் அதற்குக் கொடுக்கும் கட்டணத்தை நாம் அறிவோம். ஆகையால் நம் பிள்ளைகளில் பலர் தம் பாட்டியை ஆண்டுக்கு ஒரு முறையோ, ஈராண்டுக்கு ஒரு முறையோ காண்கின்றனர். ஐந்து வயதுக் குழந்தை தன் வாழ்நாளில் பாட்டியின் மடியில் இருந்த நாள்களைக் கூட்டினால் இரண்டு திங்கள் தேறுமா என்பது ஐயமே.

"இப்போதுதான் தொலைபேசி இருக்கிறதே!" என்பீர்கள். உண்மைதான். 2020 ஆகஸ்டு 10ஆம் நாள், சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இடப்பட்ட ஒளியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோள் வழியே பேச முயன்ற நாள்களை நினைத்துப் பாருங்கள். பாதிப் பேச்சு காற்றோடு போகும். படம் வந்தால் குரல் வாராது, குரல் வந்தால் படம் உறைந்துவிடும். இன்று பாட்டியின் முகம் தெளிவாகத் தெரிகிறது. நாங்கள் வடத்தைக் குறை கூற வரவில்லை. எங்கள் குறை வேறு.

எங்கள் வகுப்பில் ஒரு சிறுவன் இருக்கிறான். ஒரு நாள் அவன் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, ஊரிலிருந்து அப்பத்தா அழைத்தார். பையனின் தந்தை தொலைபேசியை அவன் கையில் கொடுத்தார். "சாப்பிட்டியா கண்ணு?" என்றார் பாட்டி. "சாப்பிட்டேன்" என்றான் பையன். அதற்குமேல் இருவர்க்கும் பேசப் பொருளில்லை. பையன் அன்று தெருவில் நடந்த ஏதோ ஒரு வேடிக்கையைச் சொல்லத் தொடங்கினான். நம் தெருக்களின் பொதுமொழி இந்தி; பிள்ளைகள் விளையாடுவது அதில், சண்டையிடுவது அதில். எனவே பாதி வாக்கியம் தமிழாகவும் பாதி வாக்கியம் இந்தியாகவும் வந்தது. பாட்டி சற்று நேரம் கேட்டார். பிறகு, "நீயே பேசுப்பா, புள்ளை சொல்றது எனக்கு விளங்கலை" என்று மகனைக் கேட்டுக்கொண்டார். பையன் தொலைபேசியைத் தந்தையிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். அவனுக்கு வருத்தமில்லை. அங்கே இருந்த எங்களுக்குத்தான் நெஞ்சில் முள் தைத்தது போலிருந்தது.

அன்று இரவு நாங்கள் பேசிக்கொண்டது இதுதான்: பிள்ளைக்கும் பாட்டிக்கும் அன்பில் குறைவில்லை, பேசுவதற்குப் பொருள்தான் இல்லை. ஒரு வேலையை இருவர்க்கும் பொதுவாக ஆக்கிவிட்டால் பேச்சு தானாக வரும். இவ்வாறுதான், கப்பலேறும் ஒவ்வொரு குடும்பத்தின் பிள்ளையும் தன் கையால் ஒன்று செய்து பாட்டன் பாட்டிக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற வழக்கம் எங்கள் வகுப்பில் தொடங்கிற்று. அதற்கு ஒரே ஒரு விதி வைத்தோம். செய்யத் தொடங்கும் முன் பிள்ளையே பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்.

இந்த விதியை நாங்கள் முதலிலேயே கண்டுபிடித்துவிட்டோம் என்று எண்ணாதீர்கள். முதலாண்டு பெருந்தவறு செய்தோம். தீவில் கிடைப்பது என்ன, சிப்பியும் சங்கும்தானே என்று எண்ணிப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டு மாலைகள் குனிந்து குனிந்து பொறுக்கினாள். அட்டையில் அவற்றை ஒட்டி, நடுவே வெண்பவளத் துண்டு ஒன்றை வைத்து, "அப்பத்தாவுக்கு" என்று கோணல் எழுத்தில் எழுதினாள். கப்பல் ஏறும் இடத்தில் பெட்டியைச் சோதித்தவர் அதனை எடுத்து வைத்துக்கொண்டார். சிறுமி அழுதாள். தந்தை சினந்தார். சோதித்தவர் மேல் பிழையில்லை. பிழை முழுவதும் எங்களுடையது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் 2001ஆம் ஆண்டு பவளங்களும், சங்கு சிப்பி வகைகள் பலவும், கடலட்டைகளும் சேர்க்கப்பட்டன. கரையில் செத்துக் கிடப்பதுதானே என்று சொல்லித் தப்ப இயலாது. மேலும், வெறுங்கூடு என்று நாம் நினைப்பது உண்மையில் வெறுங்கூடு அன்று. நம் கரைகளில் ஊர்ந்து திரியும் துறவி நண்டுக்கு அதுவே வீடு. தனக்கென ஓடில்லாத அவ்வுயிர், வளர வளரப் பெரிய கூடு தேடிக் குடி மாறுகிறது. நாம் அழகென்று அள்ளிச் செல்வது ஒரு நண்டின் வீட்டை.

மறுமுறை பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் சென்றபோது கையில் தாளும் கரிக்கோலும் கொடுத்தோம். சிப்பியைத் தாளின்மேல் வைத்து அதன் விளிம்பை வரைந்துகொண்டு, சிப்பியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தனர். அதே சிறுமி, நண்டு குடியிருந்த கூடு ஒன்றை வரைய முயல, அது பாதி வரைந்த தாளில் நடந்து போய்விட்டது. கோடும் நண்டோடு இழுபட்டுப் போயிற்று. அந்தத் தாளைத்தான் அவள் ஊருக்குக் கொண்டு சென்றாள். அப்பத்தாவிடம் அந்தக் கோட்டின் கதையைச் சொல்ல அவளுக்கு ஒரு பிற்பகல் முழுதும் பிடித்ததாம்.

இனி விசிறிக்கு வருவோம். எங்கள் முயற்சிகளுள் நன்கு பலித்தது இதுவே. ஆகவே சற்று விரித்துக் கூற இடம் தருக.

ஒரு பிள்ளை தன் பாட்டியைக் கேட்ட கேள்வி, "அங்கே உனக்கு என்ன கஷ்டம்?" என்பது. பாட்டி, "வெக்கைதான் கண்ணு, கரண்டு போனா உக்கார முடியலை" என்றார். முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டுவதில்லை. நம் தீவிலோ மழைக்கும் குறைவில்லை, கமுகுக்கும் குறைவில்லை. தோட்டந்தோறும் பாக்கு மட்டை விழுந்து கிடக்கிறது. அந்த வறண்ட பூமியில் கமுக மரத்தைக் காண்பதே அரிது. இங்கே குப்பையாகக் கிடப்பது அங்கே காற்றாகட்டும் என்று முடிவு செய்தோம்.

தானாக விழுந்த, கிழிசல் இல்லாத மட்டையைப் பிள்ளைகளே தேடிப் பொறுக்க வேண்டும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். இவ்வேலையில் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஈடு யாருமில்லை. ஓரிரவு நீரில் ஊறியபின் மட்டை தோல் போல் வளையும். அதனை இரண்டு பலகைகளுக்கு இடையே வைத்து, மேலே அம்மிக் குழவியோ கல்லோ ஏற்றி, நிழலில் இரண்டு மூன்று நாள் விட்டுவிட வேண்டும். வெயிலில் காயவைத்தால் சுருண்டுகொள்ளும். மழை நாளில் ஈரம் போகாமல் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் முதல் ஆறு மட்டைகள் அவ்வாறே பாழாயின. நன்கு காய்ந்தபின் அகன்ற பகுதியை வட்டமாக வெட்டி, குறுகிய பக்கத்தைக் கைப்பிடிக்கு விடுகிறோம். வெட்டுவது பெரியவர் வேலை. மட்டையின் விளிம்பு கத்தி போல் கையைக் கீறும். முதியோர் தோல் மெல்லியது. ஆகவே விளிம்பு முழுவதும் பழம்புடவைக் கரையை மடித்து வைத்துத் தைத்துவிட வேண்டும். கைப்பிடிக்கும் துணி சுற்றுக. விரல் மூட்டு வீங்கியவர்கள் மெல்லிய பிடியைப் பற்ற இயலாது. பிடி பருமனாக இருக்கட்டும்.

நிறம் தீட்டுவதற்குக் கடை வண்ணம் எதுவும் வேண்டியதில்லை. கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்துப் பெரியவர் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு சேர்த்தால் நீர் ஒரு நொடியில் சிவக்கும். ஆரத்தி நீர் சிவப்பதைப் பல்லாண்டாகப் பார்த்துப் பழகிய நமக்கு அது புதிதன்று. பிள்ளைகள் போடும் கூச்சலோ தெரு முழுதும் கேட்கும். சுண்ணாம்பு மென்தோலை அரிக்கும் இயல்பினது. ஆதலின் அளவு மிகக் குறைவாக இருக்கட்டும். கை நனைத்தவுடன் மட்டையில் பதித்து, உடனே கழுவித் தேங்காயெண்ணெய் தடவிவிடுக. மட்டையின் நடுவே சிவந்த சிறு கை ஒன்று பதிந்துவிடும். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அது குறையா, நிறையா என்பதில் எங்களுக்குள்ளேயே இரு கருத்துண்டு.

விசிறி ஊர் சென்றது. இரண்டு திங்கள் கழித்துப் பிள்ளை தொலைபேசியில், "அப்பத்தா, விசிறி வீசுறியா?" என்று கேட்டான். "இல்லை கண்ணு" என்றார் பாட்டி. பிள்ளையின் முகம் வாடிற்று. "ஏன்?" "வீசினா உன் கை அழிஞ்சு போயிடுமே. சுவத்துல மாட்டி வச்சிருக்கேன்." பிள்ளை சற்று எண்ணிவிட்டு, "அப்போ ரெண்டு தர்றேன். ஒண்ணு சுவத்துக்கு, ஒண்ணு காத்துக்கு" என்றான். இவ்வுரையாடல் முழுவதும் தமிழில் நடந்தது என்பதைச் சுட்ட விரும்புகிறோம். விளங்கவில்லை என்று தொலைபேசியை மகனிடம் கொடுக்கச் சொன்ன அதே பாட்டிதான் இவர். அதே பையன்தான் இவன். அடுத்த கோடையில் இரண்டு விசிறிகள் சென்றன.

எல்லாம் இவ்வாறு பலித்தன என்று கூறமாட்டோம். தென்னங்குருத்தோலையில் கிளி முடையக் கற்றுக்கொடுத்தோம். பிள்ளைகளின் விரல்களுக்குக் குருத்தோலை நல்ல ஆசிரியர். கண்டித்துச் சொல்லாது, தவறாக மடித்தால் தானே அவிழ்ந்துவிடும். பச்சைப் பசேலென்று கிளி கப்பலேறிற்று. ஒரு கிழமை கழித்து ஒரு தாத்தாவிடமிருந்து மடல் வந்தது: "கிளி அனுப்பியதாகப் பேரன் சொன்னான், எங்களுக்கு வந்து சேர்ந்ததோ சிட்டுக்குருவி." பழுத்துச் சுருங்கிய ஓலையை அவர் எறியவில்லை என்பதும் அதே மடலில் இருந்தது. அதன்பின் குருத்தோலைக் கிளிகளைத் தீவிலேயே வாழும் பாட்டன்மார்க்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம். விதை மாலைகள் பற்றியும் ஓர் எச்சரிக்கை. சிவந்து கரும்புள்ளியோடு கண்ணைப் பறிக்கும் குன்றிமணியைப் பிள்ளைகள் கையில் தரவே கூடாது. அதன் உள்ளீடு கொடிய நஞ்சு. முழுதும் சிவந்த ஆனைக்குன்றிமணியைப் பெரிய பிள்ளைகள் கோக்கலாம். அதுவும் மூன்று வயதிற்கு உட்பட்ட தம்பி தங்கையர் எட்டும் இடத்தில் வைத்தல் ஆகாது.

மருந்துப் பையின் கதை இன்னும் முக்கியமானது. ஒரு சிறுமியின் தாத்தாவிற்கு இரத்தக் கொதிப்பு, பாட்டிக்கு நீரிழிவு. இருவர்க்கும் எழுத்தறிவு இல்லை. இன்று மாத்திரை விழுங்கினோமா இல்லையா என்ற ஐயத்தில் தாத்தா ஒரே நாளில் இரண்டு முறை விழுங்கி, மயங்கி விழுந்துவிட்டார். செய்தி இங்கு வந்தபோது அச்சிறுமியின் தாய் அடுக்களையில் உட்கார்ந்து அழுதார். கடலைத் தாண்டி ஓடிச் செல்லவா முடியும்? "தாத்தாவுக்கு எப்படி நாள் தெரியும்?" என்று சிறுமி கேட்டாள். அக்கேள்வியிலிருந்து பிறந்தது அப்பை.

நம் முன்னோர் கிழமைகளுக்கு இட்ட பெயர்களைப் பாருங்கள். ஞாயிறும் திங்களும் வானில் தெரிபவை. செவ்வாயின் பெயரிலேயே சிவப்பு இருக்கிறது. வெள்ளியின் பெயரிலேயே வெண்மை இருக்கிறது. புதனுக்குப் பச்சை, வியாழனுக்கு மஞ்சள், சனிக்குக் கறுப்பு என்று கோயிலில் ஒன்பான் கோள்களுக்குச் சாத்தும் துணியின் நிறத்தை எழுத்தறியாத முதியோரும் அறிவர். ஆகவே ஒரு நீண்ட துணியில் ஏழு சிறு பைகளைத் தைத்தோம். முதற்பையில் கதிர் வீசும் வட்டம். இரண்டாவதில் பிறை. மூன்றாவது சிவப்புத் துணி, நான்காவது பச்சை, ஐந்தாவது மஞ்சள், ஆறாவது வெண்துணியில் ஒரு விண்மீன், ஏழாவது கறுப்பு. வட்டத்தையும் பிறையையும் மீனையும் வரைந்து, அவற்றின்மேல் பெரிய தையலாக நூலோட்டியவள் அச்சிறுமி. ஏழு கிழமைகளின் பெயரும் அவளுக்கு மனப்பாடமாயின; வகுப்பில் நாங்கள் ஆறு திங்கள் சொல்லியும் வியாழனையும் வெள்ளியையும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

ஊரில் உள்ள அத்தை ஞாயிறுதோறும் பைகளை நிரப்புகிறார். மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்துப் போடாமல், அட்டையோடு கத்தரித்துப் போடச் சொல்லியிருக்கிறோம். ஈரமும் காற்றும் பட்டால் சில மருந்துகள் கெடும். பை உயரமான ஆணியில் தொங்கவேண்டும், வீட்டுக்கு வரும் சிறு பிள்ளைகள் எட்டக் கூடாது என்பதும் கட்டளை. மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம்தான் கேட்கவேண்டும். துணிப்பை மருத்துவர் ஆகாது. ஆனால் மாலைதோறும் சிறுமி தாத்தாவை அழைத்து, "இன்னிக்கு எந்தப் பை, தாத்தா?" என்று கேட்கிறாள். தாத்தா நிறத்தைச் சொல்கிறார். அவள் கிழமையைச் சொல்கிறாள். நாள் தவறியதில்லை.

பெற்றோர்களிடம் எங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு, இம்மேடையிலேயே சொல்லிவிடுகிறோம். பிள்ளை ஒட்டியது கோணலாக இருக்கிறதென்று அதைப் பிரித்து நேராக ஒட்டுகிறீர்கள். பிள்ளை எழுதிய எழுத்து தலைகீழாக இருக்கிறதென்று அழித்து நீங்களே எழுதுகிறீர்கள். இன்னும் சிலர், பிள்ளை உறங்கியபின் இரவோடிரவாக முழுவதையும் புதிதாகச் செய்துவிடுகிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது உங்கள் பரிசு, பிள்ளையின் பரிசன்று. அடுத்தநாள் காலை அந்தப் பிள்ளை அதைத் தன்னுடையது என்று கையில் எடுப்பதில்லை என்பதை நாங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறோம். கத்தியும் ஊசியும் தீயும் சுண்ணாம்பும் உங்கள் பங்கு. மற்றவை அவர்கள் பங்கு.

பிற நாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. சப்பான் நாட்டில் 1966ஆம் ஆண்டு முதல் முதியோரைப் போற்றும் நாள் ஒரு பொது விடுமுறை. 2003ஆம் ஆண்டு முதல் அது செப்டம்பர்த் திங்களின் மூன்றாம் திங்கட்கிழமையில் வருகிறது. போலந்து நாட்டில் சனவரி 21 பாட்டியர் நாள், 22 பாட்டனார் நாள். பிள்ளைகள் தம் கையால் வரைந்து தரும் வாழ்த்து அட்டைக்கு 'லௌர்க்கா' என்று அவர்கள் மொழியில் தனிச்சொல்லே இருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதற்கென ஒரு ஞாயிறு 1978ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. நம் பள்ளிகள் சிலவற்றிலும் பாட்டன் பாட்டியர் நாள் கொண்டாடத் தொடங்கியிருக்கிறார்கள். அந்நாளில் பாட்டியை இழந்தவரும், பாட்டி கடலுக்கு அப்பால் உள்ளவருமாகிய பிள்ளைகள் என் செய்வார்கள் என்று மட்டும் ஆசிரியப் பெருமக்கள் முன்கூட்டியே எண்ணிவிடுவது நல்லது. எங்களுக்கு நாள் தேவைப்படவில்லை. கப்பல் புறப்படும் நாளே எங்கள் நாள்.

எல்லாப் பாட்டன் பாட்டியரும் அக்கரையில் இருப்பவர் அல்லர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாத்திரி உடன்படிக்கையின் விளைவாக இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியவர்களுள் சில குடும்பங்கள் 1970களில் நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றான கச்சாலில், இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தன. தேயிலையிலிருந்து இரப்பருக்கு, மலையிலிருந்து கடலுக்கு வந்தவர்கள் அவர்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் கச்சால் அடைந்த இழப்பை இங்கே விரித்துரைக்க எங்களுக்கு நா எழவில்லை. அக்குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த மூதாட்டியார் ஒருவர் இப்போது இந்நகரில் மகன் வீட்டில் இருக்கிறார். உயிர் தப்பினார், பெட்டி தப்பவில்லை. திருமணப் படம், தாய் தந்தையர் படம், இலங்கையிலிருந்து கொண்டுவந்த தாள்கள், யாவும் போயின. அவர்தம் பெயர்த்தியர் இருவர் எங்கள் வகுப்பில் பயில்கின்றனர்.

"பாட்டி, நீ சின்னப் புள்ளையா இருந்த வீடு எப்படி இருந்துச்சு?" என்பது அவர்கள் கேட்ட கேள்வி. முதலில் பாட்டி, "வீடா அது, லயம்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் லயம் என்னும் சொல்லை அதற்குமுன் கேட்டதில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு என்று அவர் விளக்க, மூத்தவள் பெரிய தாள் ஒன்றில் வரைந்தாள். எங்கள் எண்ணம், படத்தை முடித்துச் சட்டமிட்டுப் பிறந்தநாளில் தரவேண்டும் என்பது. ஆனால் வரையும் தாளைப் பாட்டி பார்த்துவிட்டார். "கூரை ஓலையில்லைடி, தகரம். மழை பேஞ்சா பேச்சுக் கேக்காது" என்றார். தகரம் வந்தது. "குழாயடி இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம்." குழாயடி இடம் மாறிற்று. பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றிலும் யார் இருந்தார் என்று பெயர்கள் வந்தன. கொழுந்துக் கூடையின் பட்டை நெற்றியில் எவ்வாறு படியும் என்று தலைத்துண்டை மடித்துக் காட்டினார். இளையவள் அக்கூடையைத் தென்னோலை ஈர்க்கில் சிறிதாகக் கட்டிப் படத்தில் தொங்கவிட்டாள்.

படம் ஏழு கிழமைகளாக வளர்ந்தது. மூன்று தாள்களை ஒட்டவேண்டியதாயிற்று. பிறந்தநாள் வந்து போயிற்று, சட்டமும் இடவில்லை. அவர்தம் மகன், ஐம்பது வயதை எட்டியவர், எங்களிடம் வந்து, "எங்கம்மா வாயிலே இந்தப் பேருங்களை நான் கேட்டதே இல்லை" என்றார். படம் இன்று அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. கரிக்கோல் ஒன்று நூலில் கட்டிப் பக்கத்திலேயே தொங்குகிறது; பாட்டிக்கு எப்போதாவது ஏதாவது நினைவுக்கு வருமென்று.

அக்கரையிலிருந்து மறுமொழிகளும் வரத் தொடங்கியுள்ளன. விசிறிப் பாட்டி பனையோலைக் கிலுகிலுப்பை ஒன்றும், மூடியிட்ட சிறு கொட்டான் ஒன்றும் முடைந்து அனுப்பியிருந்தார். நம் தீவுப் பிள்ளைகளில் பலர் பனைமரத்தைக் கண்ணால் கண்டதில்லை. கொட்டானைத் திறந்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்து, வகுப்பு முழுவதும் அதைக் கைமாற்றினார்கள். உள்ளே கருப்பட்டி இருந்தது. அது கடைசிப் பிள்ளை கைக்கு வரும்போது இல்லை. அந்த ஓலையை எப்படிச் சீவினாய், எப்படி மடித்தாய் என்று பையன் கேட்க, பாட்டி தொலைபேசியைத் திண்ணையில் சாய்த்து வைத்துக்கொண்டு இங்குள்ள தென்னோலையில் அவனுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறார். தென்னோலை பனையோலை போல் நிற்பதில்லை என்று அவருக்குச் சலிப்பு. இங்கே நாலு பனங்கொட்டை ஊன்றினால் என்ன என்று கேட்டிருக்கிறார்.

காலம் கடந்துவிட்டது, சிறுவர்களின் பொறுமையும் கடந்துவிட்டது. கோடை விடுமுறைக்குக் கப்பலேறும் குடும்பத்தினர்க்கு ஓர் அறிவிப்போடு விடைபெறுகிறோம். வரும் ஞாயிறு காலை சங்கத்தின் முற்றத்தில் விசிறி செய்ய இருக்கிறோம். மட்டை ஓரிரவு ஊறவேண்டியிருப்பதால், சனிக்கிழமை மாலையே பிள்ளைகள் பொறுக்கிய மட்டைகளைக் கொண்டுவந்து தொட்டியில் இட்டுவிட வேண்டும்; ஆளுக்கு இரண்டு, ஒன்று கிழிந்தால் மற்றொன்று. பழைய புடவைக் கரை, தடித்த ஊசி, தேங்காய் நார் ஆகியவற்றைத் தாய்மார்கள் கொண்டுவருக. மஞ்சளும் சுண்ணாம்பும் நாங்கள் தருகிறோம். பாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் பிள்ளைகள் அதற்குள் கேட்டுவிட்டு வரவேண்டும்.